கசகசா பொட்டலமும் கற்பூர டப்பாவும்

கேள்வி: ஐயா, என் அக்கா சிங்கப்பூரில் இருக்கிறார். அடுத்த மாதம் பிரசவம். அம்மாவும் அப்பாவும் திருச்சியிலிருந்து விமானத்தில் போகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். என்னால் கூடப் போக முடியாது. அம்மா இப்போதே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். வீட்டில் கிளறிய பிரசவ லேகியம், ஊறுகாய், புளிக்காய்ச்சல், மிளகாய்த்தூள், கசகசா, கொப்பரை, பூஜைக்குக் கற்பூரம், அக்கா கேட்டார் என்று ஒரு அரிவாள்மனைகூட எடுத்து வைத்திருக்கிறார். அப்பா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். சர்க்கரைக்கு இன்சுலின் எடுத்துக்கொள்கிறார். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் தவித்துப்போவார்களே என்று நான் ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதற்கிடையில் எதிர் வீட்டுக்காரர், அங்கிருக்கும் தன் மகனிடம் கொடுக்கச் சொல்லி ஒரு பார்சலைத் துணியில் தைத்தே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை ஏதோ பொருள் வைத்திருந்தார் என்று விமான நிலையத்தில் வெகுநேரம் உட்காரவைத்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை. எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது?
- ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: உங்கள் பட்டியலைப் பார்க்கிற யாருக்கும் முதலில் அரிவாள்மனைதான் கண்ணை உறுத்தும். எனக்கு அதில் கவலையே இல்லை. வெட்டும் பக்கத்தை அட்டையால் மூடி, பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டி, கவுன்ட்டரில் போடும் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டால் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்துவிடும். சுற்றிக் கட்டச் சொல்வது, பெட்டியைத் திறந்து சோதிக்கிறவரின் கை அறுபடக் கூடாதே என்பதற்காக. என்னை உறுத்துபவை வேறு மூன்று: கற்பூரம், கசகசா, எதிர் வீட்டுப் பார்சல். கத்தி கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. புதிதாகப் பறப்பவர்கள் மாட்டுவதெல்லாம் இப்படி வீட்டில் தினமும் புழங்கும் சாதுவான சாமான்களால்தான்.

விமானத்தில் தடை செய்யப்பட்ட பொருள்கள் என்று ஒரே பட்டியல் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மூன்று பட்டியல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று ஆயுத பயத்தில் பிறந்தது. இன்னொன்று நெருப்பு பயத்தில் பிறந்தது. மூன்றாவது, போய் இறங்கும் நாட்டின் சட்டம். அதற்கும் விமானத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு பொருள் இதில் எந்த வகை என்று பிடிபட்டுவிட்டால், அதை எங்கே வைப்பது என்பது தானாக விளங்கிவிடும். நூறு பெயர்களை நெட்டுருப் போட வேண்டியதில்லை.

ஆயுத வகைக்கு விதி எளிது: பயணியின் கைக்கு எட்டக் கூடாது, அவ்வளவுதான். அரிவாள்மனை, கத்தரிக்கோல், தேங்காய் துருவி எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகலாம். மிளகாய்த்தூளும் இந்த வகைதான். அம்மாவுக்கு அது குழம்புக்கு. பாதுகாப்புக்கு நிற்பவருக்கோ அது யார் கண்ணில் வேண்டுமானாலும் தூவக்கூடிய பொருள். காட்மாண்டிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் 1999 டிசம்பரில் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டது நினைவிருக்கும். அதற்குப் பின்தான், 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கி, நம் விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பொறுப்புக்கு வந்தன. அவர்கள் ஆளைப் பார்த்துச் சலுகை காட்டுவதில்லை. வயதானவர், பார்த்தால் பாவமாக இருக்கிறார் என்று ஒரு பொட்டலத்தை விட்டுவிட அவர்களுக்கு அதிகாரமும் இல்லை.

நெருப்பு வகைதான் நம்மவர்களைக் குழப்புகிறது. "கையில்தானே கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் போட்டுவிடுகிறோம்" என்பார்கள். ஆயுதத்துக்குச் சரியாக இருந்த அந்த யோசனை இங்கே தலைகீழாகிவிடும். சரக்கு அறையில் ஆள் கிடையாது. முப்பதாயிரம் அடி உயரத்தில் அங்கே ஒன்று பற்றிக்கொண்டால் போய் அணைக்க வழியில்லை. 1996 மே மாதம் அமெரிக்காவில் வேல்யூஜெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று மயாமியிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களிலேயே விழுந்து 110 பேரும் இறந்தார்கள். காரணம் வெடிகுண்டு அல்ல. சரக்கு அறையில் முறையாகப் பாதுகாக்காமல் ஏற்றப்பட்ட, காலாவதியான ஆக்சிஜன் உற்பத்திக் குப்பிகள். தெரியாமல் வைத்தாலும் நெருப்பு நெருப்புதான்.

கற்பூரம் இந்த வகை. எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்று சரக்கு விதிகளில் அதற்குத் தனி எண்ணே உண்டு. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. தீப்பெட்டியும் லைட்டரும் நம் நாட்டில் அப்படியே. தீபாவளி சமயத்தில் பேரப்பிள்ளைக்கு என்று கம்பி மத்தாப்பு வைப்பவர்கள் உண்டு. அதை இரண்டிலும் வைக்கக் கனவிலும் நினைக்க வேண்டாம். 

கொப்பரை விஷயத்தைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். எண்ணெய்ப் பசையுள்ள கொப்பரை ஈரத்தோடு அடைந்து கிடந்தால் தானாகவே சூடேறும். காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருப்பவரைக் கேட்டால் மூட்டையை ஏன் காற்றாட அடுக்குகிறார் என்று சொல்வார். பன்னாட்டு விதிகளில் அது தானே தீப்பற்றும் பொருள்களின் வரிசையில் இருக்கிறது. எனவே அதுவும் வீட்டோடு நிற்கட்டும். முழுத் தேங்காயைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை. ஐயப்ப பக்தர்கள் இருமுடியோடு வந்து வாசலில் தவித்ததைப் பார்த்து, 2024 அக்டோபரில் மத்திய அரசு மகரவிளக்கு முடியும்வரை, 2025 ஜனவரி 20 வரைக்கும், இருமுடித் தேங்காய்க்கு மட்டும் விலக்கு அளித்தது. அதுவும் எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கைச்சோதனை எல்லாம் முடித்த பிறகு. உங்கள் அம்மா போவது பிரசவம் பார்க்க. அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே தேங்காய் கிடைக்கும். அங்குள்ள தேக்கா சந்தைக்குப் போனால் வாழைப்பூவிலிருந்து முருங்கைக்கீரை வரைக்கும் கிடைக்கும். இதைச் சொன்னால் அம்மாக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த பவர் பேங்க்? அது பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில் மட்டும். லித்தியம் பேட்டரி ஒன்று கெட்டுச் சூடேற ஆரம்பித்தால், உள்ளிருக்கும் ரசாயனமே மேலும் மேலும் சூட்டைக் கிளப்பும். சரக்கு அறையில் பாய்ச்சும் ஹாலான் வாயு தழலை அமுக்குமே தவிர, அந்தச் சூட்டை நிறுத்தாது. மேலே இருக்கைப் பகுதியில் நடந்தால் பணிப்பெண்கள் பார்த்துவிடுவார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் அருகே, புறப்பட இருந்த ஏர் பூசான் விமானம் தரையிலேயே எரிந்தது. எல்லோரும் உயிர் தப்பினார்கள். இருக்கைக்கு மேல் உள்ள பெட்டகத்தில் வைத்த பவர் பேங்க்கின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அதன் பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது பவர் பேங்க்கால் போனுக்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது என்கின்றன. வைத்திருக்கலாம், பயன்படுத்தக் கூடாது. அப்பாவிடம் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள். அளவைப் பொறுத்தவரை 100 வாட்-மணி வரை பிரச்சினையில்லை. கடையில் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். ஆனால் அந்த எண் மேலே அச்சிட்டிருக்க வேண்டும். எழுத்து அழிந்துபோன, பெயர் தெரியாத மலிவுச் சரக்கை அதிகாரி எதை வைத்து நம்புவார்? பிடுங்கி வைத்துவிடுவார்.

ஊறுகாய், புளிக்காய்ச்சல், லேகியம் மூன்றுக்கும் 2006-க்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடல் தாண்டிப் போகும் விமானங்களைக் குளிர்பான பாட்டில்களில் அடைத்த திரவ வெடிமருந்தால் தகர்க்க நடந்த சதியைப் பிரிட்டிஷ் போலீஸ் முறியடித்தது. அதன் பிறகு பன்னாட்டுப் பயணத்தில் கைப்பைக்குள் போகும் திரவம் எதுவானாலும் 100 மில்லிக்கு மேற்படாத குப்பியில் இருக்க வேண்டும். எல்லாக் குப்பிகளும் ஒரு லிட்டர் அளவுள்ள ஒரே பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது; பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவைத்தான். திரவம் என்றால் தண்ணீரும் எண்ணெயும் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். கரண்டியால் வழித்து எடுக்கக்கூடியது எல்லாம் அந்தக் கணக்குதான். லேகியம், நெய், தொக்கு, தேன், பற்பசை எல்லாமே அடக்கம். இவை பெரிய பெட்டிக்குள் தாராளமாகப் போகலாம். மூடியை டேப் போட்டு ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் சிறிய குப்பியில்கூட எடுக்க வேண்டாம்.

கைப்பையில் வைத்த அதிரசப் பொட்டலத்தையும் கருப்பட்டியையும்கூடத் திறந்து பார்க்கிறார்களே என்று சிலருக்குக் கோபம் வரும். அது சந்தேகத்தால் அல்ல. எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும் தெரியும். கெட்டியாக, கனமாக உருட்டி வைத்த தின்பண்டமும் ஆரஞ்சு. பல வெடிமருந்துகளும் ஆரஞ்சு. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாதபோது பையைத் திறந்துதான் ஆக வேண்டும். தின்பண்டங்களைப் பையின் மேல்பக்கம், எடுத்துக் காட்டும்படி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இங்கே விமான நிலையங்களின்மேல் எனக்கொரு குறை உண்டு. தடைப் பொருள்களின் படம் போட்ட பெரிய பலகையைப் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் இடத்தில் வைத்திருப்பார்கள். அதற்குள் பெரிய பெட்டி கவுன்ட்டரில் போய்விட்டிருக்கும், குடியேற்றச் சோதனையும் முடிந்திருக்கும். "இதைப் பெட்டியில் போட்டிருக்கலாமே" என்று அங்கே சொல்லி என்ன பயன்? திரும்பிப் போய்ப் பெட்டியைக் கேட்டு வாங்குவது நடைமுறையில் பெரும்பாடு. பெரும்பாலும் பொருளைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். பெட்டிக்குள் பவர் பேங்க் இருந்தால் நிலைமை எதிர்ப்பக்கம். பெட்டி கீழே ஓடும் வழியில் எக்ஸ்ரேயில் சிக்கி நிற்க, ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவார்கள். உங்கள் பக்கத்து ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும். ஆகவே பிரிக்கிற வேலை முழுவதையும் மணப்பாறையிலேயே, வீட்டுத் திண்ணையில் வைத்தே முடித்துவிடுங்கள்.

இனி மூன்றாவது பட்டியல். இதில் தவறினால் பொருள் மட்டும் போகாது.

கசகசா நம் மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது, குருமாவில் அரைத்து விடுகிறோம். ஆனால் அது ஓப்பியம் செடியின் விதை. அதில் மார்பின் சுவடு ஒட்டியிருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புத் துறையின் பார்வையில் வரும் பொருள் அது. அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது. அமீரகத்தில் கசகசாவோடு இறங்கிச் சிறைக்குப் போனவர்களே இருக்கிறார்கள். திருச்சியில் யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள கண்ணி; இங்கே அது குற்றமில்லையே. பொட்டலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வீட்டில் திரித்த மசாலாப் பொடியில் அம்மா கசகசா சேர்த்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். சேர்த்திருந்தால் அந்தப் பொடியும் வேண்டாம். முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைத்து ஊற்றினால் குருமா ஒன்றும் கெட்டுவிடாது.

அப்பாவின் புகையிலை அங்கே தடை. வாயில் போட்டு மெல்லும் புகையிலை எதையும் சிங்கப்பூர் அனுமதிப்பதில்லை. பான்பராக், ஹான்ஸ் வகையறா பொட்டலம் சட்டைப் பையில் மறந்து கிடக்கிறதா என்றும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. ஒரு பாக்கெட் இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். சூயிங்கம் கொண்டுபோவது 1992 முதல் தடை. கருவாட்டைத் தவிர்த்துவிடுங்கள் என்று நான் சொல்வது வாசனைக்காக. ஆனால் கறி ஊறுகாய் மாதிரி இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம் என்பது சட்டத்துக்காக. தான் அங்கீகரித்த நாடுகளிலிருந்து வரும் இறைச்சியைத்தான் சிங்கப்பூர் உள்ளே விடும்.

மருந்துகளில் கவனம் வேண்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையின் குளிரில் அது உறைந்தால் வீரியம் போய்விடும். 100 மில்லி விதி மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில் இருக்க வேண்டும். ஊசிகளைப் பற்றியும் அதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்ட வேண்டாம். மூட்டு வலிக்கு டிரமடால், தூக்கத்துக்கு டயஸிபாம், இருமலுக்குக் கோடீன் கலந்த சிரப் என்று ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள ஹெல்த் சயின்சஸ் அத்தாரிட்டியில் அக்காவை விசாரிக்கச் சொல்லுங்கள். முன் அனுமதி கேட்கும் மருந்துகள் இவை. வீட்டில் கிளறிய லேகியம் சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி என்றால் சரி. யாரோ வைத்தியர் பஸ்மமோ செந்தூரமோ கலந்து கொடுத்தது என்றால் வேண்டாம்.

எதையாவது கொண்டுபோய்விட்டு வழியில் சந்தேகம் வந்தால், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியாக வேகமாக நடந்து வெளியேற முயல வேண்டாம். சிவப்பு வழியில் போய்ப் பையைத் திறந்து காட்டிக் கேட்கலாம். தானாகச் சொல்பவரும் சொல்லாமல் பிடிபடுபவரும் அங்கே ஒன்றல்ல.

எதிர் வீட்டுப் பார்சலை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சங்கடமாக இருக்கும் என்று தெரியும். தினமும் முகத்தில் விழிப்பவர்கள். பார்சலில் இருப்பது முறுக்கும் பருப்புப் பொடியுமாகத்தான் இருக்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அப்படித்தான். ஆனாலும் தைத்து மூடிய துணிக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் பெற்றோருக்குத் தெரியாது, எதிர் வீட்டுக்காரரே கசகசா வைத்துத் தைத்திருக்கலாம், அவருக்கும் அது தவறென்று தெரிந்திருக்காது. 1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோவில் ஒரு கர்ப்பிணிப் பெண், தன் காதலன் கொடுத்தனுப்பிய பையோடு இஸ்ரேலின் எல் ஆல் விமானம் ஏற வந்தார். விமான நிலையத்தின் வழக்கமான சோதனையைக் கடந்துவிட்டார். விமான நிறுவனத்தின் காவலர்கள்தான் பையின் கள்ள அடித்தட்டில் ஒன்றரைக் கிலோ வெடிமருந்தைக் கண்டுபிடித்தார்கள். அவருக்கு ஒன்றுமே தெரியாது. காதலனுக்கு 45 ஆண்டு சிறை. "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது எதையாவது கொடுத்தார்களா?" என்று கவுன்ட்டரில் கேட்கும்போது பலர் சடங்குக்காகத் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சடங்கில்லை அது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. பை உங்களிடம் இருந்தால் பொருளும் உங்களுடையது, அது என்னவென்றும் உங்களுக்குத் தெரியும் என்ற அனுமானத்தில்தான் அந்தச் சட்டம் தொடங்கும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. எதிர் வீட்டுக்காரரிடம் "எடை கூடிவிட்டது" என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் கண்டு, உங்கள் அம்மா கையால் திரும்ப அடுக்குவது என்றால் சம்மதம் என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மனுஷர் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்பாவின் தூக்கத்துக்காக ஒன்று: பழகியவர்களும் மறக்கிறார்கள். அமெரிக்காவில் 2024-இல் மட்டும் கைப்பைச் சோதனையில் 6,678 துப்பாக்கிகள் சிக்கின, பெரும்பாலானவை தோட்டா நிரப்பியவை. "பையில் இருந்ததே மறந்துபோச்சு" என்பது அங்கே வாடிக்கையான பதில். அதனோடு ஒப்பிட்டால் ஒரு ஊறுகாய் பாட்டிலுக்காக யாரும் அப்பாவைச் சிறையில் போட மாட்டார்கள். எடுத்துக் கூடையில் போடுவார்கள், அவ்வளவுதான். கோபப்பட்டு "என்ன, வெடிகுண்டா வைத்திருக்கிறேன்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. விளையாட்டுக்குச் சொன்னவர்களைக்கூடப் போலீஸிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சோதனையிடும் காவலருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். விமான நிறுவன ஊழியர்களில் தமிழ் பேசுகிறவர் நிச்சயம் இருப்பார், அவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கலாம். அம்மாவைத் திரைமறைவில் பெண் காவலர்தான் சோதிப்பார். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயம் பல அம்மாக்களுக்கு உண்டு. கைக்கருவியை ஓட்டிப் பார்ப்பார்கள், கழற்றச் சொல்வதில்லை.

திரும்பி வரும்போது வேறு கணக்கு. சாங்கியில் பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கும். உள்ளே கடைகளைத் தாண்டி வந்துவிட்டோம், இனிச் சோதனை இல்லை என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு போனால் அங்கே கொட்ட வேண்டியிருக்கும். ஊர் முழுக்க ஆளுக்கொன்று கொடுக்கக் கோடாலித் தைலம் வாங்குவார்கள். அது தனித்தனியாகச் சின்னக் குப்பிதான், ஆனால் நிறையச் சேர்ந்தால் ஒரு லிட்டர் பைக்குள் அடங்காது. இரண்டு குப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பெரிய பெட்டியில் போடச் சொல்லி அக்காவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.